தைத் மஸ்ராவில் ஒரு கீரைப் பாத்தி

9 நவம்பர் 2007, வெள்ளி

காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி. ஜன்னலைத் திறந்தால் பூச்சிமருந்து வாடை, மூடினால் புழுக்கம். மூடிவிட்டேன்.

நேற்று தைத் டவுன் கிளினிக்கில் டாக்டரம்மா, "ரத்தம் கம்மியா இருக்கு. கீரை, பச்சைக் காய் நிறையச் சாப்பிடணும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் சிரிப்புதான். இந்த மஸ்ராவில் (பண்ணையை இங்கே எல்லோரும் அரபியில் அப்படித்தான் சொல்கிறார்கள்) நான் குடியிருக்கும் வீட்டைச் சுற்றி வெள்ளரி, தக்காளி, கத்தரி, குடைமிளகாய். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. அதற்கு அப்பால் மணல். இதில் ஒரு காய்கூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

இவர்தான் வரவிடுவதில்லை. இவருக்கு இங்கே மருந்து ஸ்டோர் பொறுப்பு. காலையில் ஸ்டோரைத் திறந்து, தெளிக்கிற ஆட்களுக்குப் பூச்சிமருந்து அளந்து கொடுத்து, மாலையில் பூட்டிவிட்டு வருவார். வந்ததும் நேரே குளியலறை. சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்வார்.

"ஒரு வெள்ளரிக்காய் பறிச்சுட்டு வந்தா என்னங்க?" என்று இன்றும் கேட்டேன்.

"நம்ம வீட்டுக்கு வேணாம்."

அப்படியென்றால் யார் வீட்டுக்கு? கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்கிற கேள்வியா அது.

14 நவம்பர், புதன்

சாமான் வாங்கப் போகும் மஸ்ரா வேன் இன்றும் தைத்துக்குப் போகவில்லை. பருப்பும் சோறும்.

23 நவம்பர், வெள்ளி

ரெங்கராஜ் மாமா காரில் மசாஃபி ரோட்டுச் சந்தைக்குப் போனோம். மாமா இவருடைய பெரியப்பா மகன், இந்த மஸ்ராவுக்கு மேனேஜர். இவருக்கு விசா எடுத்தது, கல்யாணம் முடிந்து எனக்கு எடுத்தது, வீடு கொடுத்தது எல்லாம் அவர்தான். எங்கள் பாஸ்போர்ட்டும் அவருடைய ஆபீஸ் பெட்டகத்தில்தான் இருக்கிறது. "பத்திரமா இருக்கும்மா" என்பார். இருக்கும்தான்.

சந்தையில் கீரை தேடினேன். ரோட்டோரம் வரிசையாகக் கடைகள், கம்பளம், பூந்தொட்டி, பழக்கூடை. ஒரு கடையில் பசலை மாதிரி ஏதோ கட்டுக் கட்டாக இருந்தது.

"லோக்கல், மேடம், லோக்கல்! ஃப்ரெஷ்!" என்றான் கடைக்காரன்.

அவன் காலடியில் கிடந்த அட்டைப்பெட்டியில் வேறு நாட்டுப் பேர் அச்சடித்திருந்தது. காட்டினேன். அவனும் பார்த்தான். "பெட்டி வெளிநாடு, மேடம். உள்ளே லோக்கல்" என்றான் கொஞ்சமும் கூசாமல். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

உண்மையிலேயே உள்ளூர்க் காய் வைத்திருந்த கடையும் ஒன்று இருந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். எங்கள் மஸ்ராவின் பேரைச் சொன்னான்.

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

1 டிசம்பர், சனி

கிடைத்துவிட்டது!

இவர் டியூட்டிக்குப் போனதும் சும்மா நடந்தேன். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி வழிந்து ஓடுகிற இடத்தில் ஒரு பாத்தி. அரைக்கீரை, தண்டுக்கீரை, கொத்தமல்லி. கம்பியில் கட்டிய பந்தலில் புடலை. ஒருவன் ஆட்டு எருவைக் கையால் உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டான்.

பேர் கார்மேகம். சிவகங்கைப் பக்கம். இவரிடம் மருந்து வாங்கித் தெளிக்கிற ஆட்களில் ஒருவன்.

"இதுக்கும் மருந்து அடிப்பீங்களா?"

"என்னக்கா நீங்க! இது நாங்க திங்கிறதாச்சே" என்றான்.

இரண்டு கை நிறையப் பறித்து என் முந்தானையில் போட்டான். காசு நீட்டியதற்கு முகம் சுருங்கிவிட்டது. "ரூம்ல எல்லாம் குப்பூஸ் ரொட்டியும் தாலுமாத் தின்னு நாக்கு செத்துக் கிடக்கு. இட்லி மாவு இருந்தா ஒரு கிண்ணம் குடுங்க, போதும்."

அரைக்கீரை கடைந்து, சோற்றில் பிசைந்து, சட்டியை வழித்து வழித்துத் தின்றேன். ராத்திரி இவரிடம் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன். நாலைந்து கேள்வி கேட்டார். எந்த இடம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தத் தண்ணீர். பிறகு "சரி, சாப்பிடு" என்றார். அவர் தொடவில்லை. மீதியை எனக்கே எடுத்து வைத்தார்.

20 டிசம்பர், வியாழன்

ஈத் லீவு. கேம்ப் முழுக்க என் இட்லிதான். மாவு ஆட்டி ஆட்டி மிக்சி சூடேறிவிட்டது. பதிலுக்கு ஒரு புடலங்காய், பாம்பு மாதிரி, வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று வாந்தி இல்லை.

15 ஜனவரி 2008, செவ்வாய்

பொங்கல். இங்கே மழை! பாலைவனத்தில் இப்படிக் கொட்டும் என்று யார் நினைத்தது. கேம்ப் ரூமுக்குள் தண்ணீர். கார்மேகமும் மற்றவர்களும் பாத்தியைச் சுற்றிக் கரை கட்டி நனைந்துகொண்டு நிற்கிறார்கள், தங்கள் பெட்டி படுக்கையை விட்டுவிட்டு.

கார்மேகம் ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறதாம். லீவு கேட்டால் மாமா, "சீசன் முடியட்டும்" என்பாராம். சீசன் முடிந்தால், "அடுத்த சீசனுக்கு ஆள் வேணும்ல." அவன் பாஸ்போர்ட்டும் அதே பெட்டகத்தில்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று நானும் இவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இவரும் அதையேதான் சொல்கிறார். சீசன் முடியட்டும்.

22 ஜனவரி, செவ்வாய்

துபாயிலிருந்து ஹெலன் என்ற வெள்ளைக்காரம்மா வந்தார். அங்கே பெரிய கடை ஒன்றுக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பவராம். "உள்ளூரில் விளைந்தது, இயற்கையாக விளைந்தது, நியாயமாக வாங்கியது" என்று மூன்றும் எழுதித்தான் விற்பார்களாம். நியாயம் என்றதும் எனக்கு ஊர் ரேஷன் கடைதான் ஞாபகம் வந்தது. அவர் சொன்னது வேறு. விளைவிக்கிற ஆளுக்கு நல்ல கூலி, நல்ல இடம், நல்ல சாப்பாடு கிடைக்கவேண்டுமாம். அதை அவரே பார்த்து உறுதி செய்துகொள்வாராம்.

அந்த ஆர்டர் கிடைத்தால் மாமாவுக்கு முதலாளியிடம் பெரிய பேர். மூலையில் ஒரு வயலை மட்டும் மருந்தில்லாமல் வைத்திருப்பதாக ஹெலனிடம் சொல்கிறார். அப்படி ஒரு வயலே கிடையாது. இவருக்குத் தெரியும். ஸ்டோர் இவரிடம்தானே இருக்கிறது.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். நான் துறையூரில் மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவள் என்பதால் பேச்சுத் துணைக்கும் நான்தான். கீரைக் கூட்டு வைத்தேன். ஹெலன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இது எங்கே வாங்கினீர்கள் என்றார். பெருமை தாங்கவில்லை எனக்கு. கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டிவிட்டேன். அவர் குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். "நான் தேடுவது இதுதான்" என்றார்.

மாமா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை.

27 ஜனவரி, ஞாயிறு

பாத்தியைச் சுற்றிக் கம்பிவேலி. பூட்டு. உள்ளே ஒரு பலகை. அந்த மூன்று வார்த்தையும் இங்கிலீஷில்.

அடுத்து ஹெலன் வரும்வரை யாரும் ஒரு இலை பறிக்கக் கூடாதாம். அதற்குப் பிறகும் கூடாதாம். பின்னால் இருக்கிற காலி இடத்தையும் சேர்த்து உழுது பெரிதாக்கப் போகிறார்களாம். ஆர்டரில் பாதி இங்கே நிஜமாகவே மருந்தில்லாமல் விளையும், மீதிக் காய் மருந்தடித்த வயலிலிருந்து போகும், பெட்டியில் ஒரே ஸ்டிக்கர். இவர்தான் சொன்னார், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

நான்தானே காட்டிக் கொடுத்தேன்? அந்தம்மா கேட்டாங்க, நான் இழுத்துக்கிட்டுப் போனேன். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன?

28 ஜனவரி, திங்கள்

மாவு எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனேன். கார்மேகத்தின் ரூம்மேட் விமல் கதவைத் திறந்தான். கிண்ணத்தைப் பார்த்தான். "வேணாம்மா" என்று சாத்திக்கொண்டான். அவன் இதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

4 பிப்ரவரி, திங்கள்

மாமாவிடம் நேரே கேட்டேன். "அவங்க வச்சது மாமா. அவங்களுக்கும் கொஞ்சம் விடுங்களேன்."

"யார் மண்ணும்மா அது? யார் தண்ணி?" என்றார். கோபமே இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "உனக்குக் கீரைதானே வேணும், நான் தைத்துலேருந்து வரவழைக்கிறேன்" என்றார்.

வந்தது. அட்டைப்பெட்டியில், வெளிநாட்டுப் பேரோடு.

13 பிப்ரவரி, புதன்

நாளைக்கு ஹெலன் வருகிறார். ஆட்களோடு பேசவேண்டுமாம். மேனேஜர் மொழிபெயர்க்கக் கூடாது, பக்கத்திலும் இருக்கக் கூடாது, சாப்பாடு போட்ட அந்தப் பெண் போதும் என்று சொல்லிவிட்டாராம்.

மாமா சாயங்காலம் வந்து எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கேம்ப் நல்ல வசதி. வருஷா வருஷம் லீவு. பாத்தி கம்பெனியோடது. "உன் புருஷனுக்கும் பக்கத்துல ஒரு நல்ல வேலை வருது. ஏசி ஆபீஸ்" என்று முடித்தார்.

அவர் போனபிறகு இவர் கதவைச் சாத்தினார். அப்புறம், "ஷியாமளா, எனக்காக" என்றார். அவ்வளவுதான். கல்யாணம் ஆகி இவர் என்னிடம் கேட்ட முதல் காரியம்.

வயிற்றில் உதைக்கிறது. இவருடைய கையை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து வைத்தார். ஏற்கனவே குளித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

14 பிப்ரவரி, வியாழன்

எழுதிவிடுகிறேன், நடந்தது நடந்தபடி.

வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. ஹெலன், நான், எதிரே கார்மேகம். புதுச் சட்டை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள், மடிப்புக்கூடக் கலையவில்லை. மாமா ஆபீஸ் வராந்தாவில், பேச்சு காதில் விழாத தூரம். இவர் மட்டும் ஸ்டோர் ஆள் என்ற முறையில் பக்கத்தில் நின்றார்.

பாத்தியைக் காட்டி, இது யாருடையது என்று ஹெலன் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். கார்மேகம் என்னைப் பார்த்தான்.

"நான் என்னக்கா சொல்லணும்?"

அவனுக்கும் பாடம் நடந்திருக்கிறது. நான் எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பான். அவன் வாயில் என்ன வந்தாலும் இங்கிலீஷில் நான் எதை வேண்டுமானாலும் ஆக்கியிருக்கலாம். அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததச் சொல்லு" என்றேன்.

அவன் வேலிப் பக்கம் திரும்பினான். பிறகு, "இது நாங்க வச்சது. இப்ப எங்களோடது இல்ல" என்றான். அப்புறம் நிற்கவே இல்லை. தெளிக்கும்போது மூக்குக்குக் கட்டத் துண்டுதான் என்றான். மூன்று வருஷமாக லீவு இல்லை என்றான். வீட்டில் இருக்கிற போட்டோவைக் காட்டி, இது யாரென்று அவன் மகன் கேட்கிறானாம். எந்த வயலில் மருந்து இல்லை என்று ஹெலன் கேட்டார். அவன் வேலிக்குள் இருந்த அந்தத் துண்டு இடத்தைக் காட்டினான். வேறு எங்கேயும் கை நீளவில்லை.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வகுப்பில் டிக்டேஷன் கொடுப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

கடைசியில் ஹெலன், "நீங்கள்? உங்களால் நினைத்தபோது ஊருக்குப் போக முடியுமா?" என்றார். அதைக் கார்மேகத்துக்கு மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அப்புறம்தான் கேள்வி எனக்கென்று புரிந்தது.

"முடியாது" என்றேன்.

15 பிப்ரவரி, வெள்ளி

"அவன் கேட்டப்ப நீ என்னைப் பாத்திருக்கலாம்" என்றார் இவர்.

"பாத்தேன். நீங்கதான் கீழ பாத்துக்கிட்டு இருந்தீங்க."

இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

21 பிப்ரவரி, வியாழன்

ஹெலனின் கடை ஆர்டர் தரவில்லை. பக்கத்து எமிரேட்டில் வேறு மஸ்ரா பார்க்கிறார்களாம். அந்தம்மா இன்னொரு தடவை வருவார், ஏதாவது கேட்பார், யாரையாவது தட்டிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. எதற்காக வருவார்? காய் வாங்க வந்தவர். இல்லை என்றதும் போய்விட்டார்.

காலையில் டிராக்டர் சத்தம். பாத்தியை உழுது போட்டுவிட்டார்கள். பந்தல் கம்பி சுருண்டு கிடக்கிறது. வேலியையும் பூட்டையும் எடுக்கவில்லை.

விமல் வழியில் நின்று, "இப்ப யாருக்குமே இல்லை. திருப்தியா?" என்றான். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அவன் சொன்னதில் தப்பென்ன?

2 மார்ச், ஞாயிறு

ரெங்கராஜ் மாமா வந்தார். டீ போட்டேன். குடிக்கவில்லை.

"உனக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு போல. ஏழாம் மாசம் வேற. போய் வளைகாப்பு, பிரசவம் எல்லாம் முடிச்சுக்கம்மா" என்று பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார். விசா கேன்சல் ஆகிவிட்டது. இனி இங்கே வரவேண்டிய வேலை இல்லை என்று அர்த்தம்.

வைத்தது ஒரே பாஸ்போர்ட்.

"இவருக்கு?" என்றேன்.

"சீசன் முடியட்டும்."

இவர் சுவரோடு சுவராக நின்றார். நான்கு மாதமாக இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று கிடந்தேன். இப்போது கதவு திறந்திருக்கிறது, ஒரு ஆளுக்கு மட்டும். அழுகை வரவில்லை. எனக்கு வர்ற கோவத்துல அந்த டீயைத் தூக்கி அவர் மூஞ்சியில—

ஊற்றவில்லை. கழுவி வைத்தேன்.

9 மார்ச், ஞாயிறு

துபாய் ஏர்போர்ட். திருச்சி வரிசையில் கார்மேகம்! அவனுக்கும் கேன்சல். இனி கம்பெனிக்குத் திரும்ப முடியாது. முகத்தில் சந்தோஷமா பயமா, சொல்லத் தெரியவில்லை.

"மூணு வருசம் கேட்டதுக்குக் கிடைக்கலக்கா. நீங்க ஒரு நாள் பேசினதுக்கு அனுப்பிட்டாங்க" என்று சிரித்தான். பிறகு, "வீட்ல கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றான். என் பெட்டியை அவனே தூக்கி வைத்தான்.

இவர் தடுப்புக்கு வெளியே நின்றார். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, மாத்திரையை மறக்காதே, இப்படி ஏதேதோ. கடைசியாக, "நல்லாச் சாப்பிடு" என்றார். எனக்கு அவரை அங்கே விட்டுவிட்டு நடக்கக் கால் வரவில்லை. நடந்தேன்.

16 மார்ச், ஞாயிறு. துறையூர்

அம்மா தட்டு நிறையப் போடுகிறாள். முருங்கைக்கீரை, அவரை, வாழைப்பூ. சந்தையில் வாங்கியதுதான். இதற்கு எவன் மருந்தை அளந்து கொடுத்தானோ, எவன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது. "சந்தைக்குப் போனா யார்கிட்ட வாங்குறம்மா?" என்றேன். "என்னடி இது கேள்வி" என்கிறாள்.

23 மார்ச், ஞாயிறு

இவர் போன் பண்ணினார். வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் பண்ணுவார். டியூட்டி நேரம் வேறு.

"என்னங்க, உடம்புக்கு ஏதும்?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன்." என்றார். பிறகு, "ஸ்டோர் வேலை வேணாம், பேக்கிங்ல போடுங்கன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு."

"அப்புறம்?"

"இன்னைக்கு நான் ஸ்டோரத் திறக்கல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தெளிக்கிற பசங்க?"

"வந்தாங்க. திறக்க மாட்டேன்னு சொன்னேன். அந்த விமல் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் படியில உக்காந்துட்டான். அவனப் பாத்து மத்தவனுங்களும்."

"மாமா என்ன சொன்னார்?"

"இன்னும் வரல. கார் வர்ற தூசி தெரியுது" என்றார். பிறகு, "நீ போனை வைக்காத" என்றார்.

வைக்கவில்லை.